ஒரு ஜோடி இட்லித் தோட்டின் இறக்குமதியாளர் எழுதுவது

அனுப்புநர்: மணிமாலைக் கடைக்காரி, கிரிவலப் பாதை, திருவண்ணாமலை.

பெறுநர்: மாட்சிமை தங்கிய சுங்கத் துறை, கடல் வாசல், வான் வாசல், அஞ்சல் வாசல்.

பொருள்: காதில் போடும் இட்லி ஒன்று, வடை ஒன்று – வரி கட்டி முடித்த பின் எழுந்த ஐயங்கள் – தெளிவுரை கோருதல் தொடர்பாக.

பார்வை: 1) சுங்கச் சட்டம், 1962. 2) வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் 12-12-2019 தேதிய அறிவிக்கை. 3) என் பேத்தியின் முகம்.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். தங்களைக் கேட்காமல் இந்த நாட்டுக்குள் எதுவும் வர முடியாது என்கிறபோது சளி, காய்ச்சல்கூட ரசீதோடுதானே வர வேண்டும்?

என்னைப் பற்றிச் சுருக்கமாக. நான் கிரிவலப் பாதையில் ருத்ராட்சம், ஸ்படிகம், துளசி மணி கோத்து விற்பவள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் நடந்து வருகிறவர்கள் என் கடை முன்னால்தான் கால் வலிக்கிறது என்று நிற்பார்கள். நின்றவர்களில் நாலு பேர் வாங்குவார்கள். என் சரக்கின் பூர்வீகத்தைத் தங்களிடம் மறைக்க முடியாது. ஐந்துமுக ருத்ராட்சத்தில் பெரும்பகுதி விளைவது இந்தோனேசியாவில். பெரிய காய் நேபாளத்துக்காரர். சிவபெருமான் கழுத்தில் கிடப்பதே இறக்குமதிச் சரக்குதான் என்று சொன்னால் குருக்கள் கோபித்துக்கொள்வார். தாங்களோ பில் ஆஃப் என்ட்ரி எங்கே என்பீர்கள். அதனால் அந்தப் பேச்சை விடுகிறேன்.

வழக்குக்கு வருகிறேன். குளிர்காலத்தில் ரமணாசிரமத்துக்கு வந்து தங்கிவிட்டுப் போகும் ஸ்காட்லாந்துக்காரப் பெண் ஒருத்தி. இந்த ஊர்ச் சிற்றுண்டிக் கடைகளில் சாப்பிட்ட சுவை மறக்காமல், தன் ஊருக்குப் போய்ப் பாலிமர் களிமண்ணில் இட்லி பிடித்துத் தோடு செய்து விற்க ஆரம்பித்துவிட்டாள். வலக் காதுக்குச் சுண்டுவிரல் நகத்தளவு இட்லி, மேலே பச்சையாகச் சட்னி ஒரு பொட்டு. இடக் காதுக்கு மெதுவடை. வடையில் ஓட்டைகூட விட்டிருக்கிறாள். படம் பார்த்த பேத்தி ஒற்றைக் காலில் நின்றாள். 2024-இல் காசு அனுப்பி ஒரு ஜோடி வாங்கினேன். அவ்வளவுதான் என் குற்றம்.

தோடு கடல் கடந்து வந்தது. அதற்கு முன்னால் கேள்விகள் வந்தன. ஆதார் கேட்டார்கள், கொடுத்தேன். என்ன விலைக்கு வாங்கினாய், பணம் கட்டியதற்கு அத்தாட்சி எங்கே என்றார்கள்; கொடுத்தேன். காது என்னுடையதா பேத்தியுடையதா என்று மட்டும் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

பிறகு கணக்கு வந்தது. ஐயா, நான் மணி எண்ணிப் பிழைப்பவள், கணக்கு எனக்குப் புதிதல்ல. ஆனாலும் தங்கள் கணக்கில் ஓர் அழகு இருக்கிறது, அதைக் கொஞ்சம் ரசித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கென்று அஞ்சலிலும் விமானத்திலும் வருகிறவற்றுக்கு 9804 என்று ஒரே தலைப்பு வைத்திருக்கிறீர்கள். அந்த வருடம் அதற்கு அடிப்படை வரி 35 சதவீதம். அந்த வரியின் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி. பொருளின் விலை, அடிப்படை வரி, கூடுதல் வரி மூன்றையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் மேல் 28 சதவீதம் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி. 1,000 ரூபாய்த் தோடு என்று வைத்துக்கொள்வோம். 350 சேர்ந்தது, 35 சேர்ந்தது, ஆயிற்று 1,385. அதன் மேல் 387 ரூபாய் 80 காசு. மொத்தம் 1,772 ரூபாய் 80 காசு. வரிக்கே வரி போடும் இந்தக் கலையை எங்கள் ஊர்க் கந்துவட்டிக்காரர்கள் தங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் ஒப்புக்கொள்கிறேன். பேத்தியின் காது சமூக நலத்துக்கும் ஏதோ பங்களித்திருக்கிறது என்பதில் எங்கள் தெருவுக்கே பெருமை.

விலை என்பதும் நான் கொடுத்த விலை மட்டும் இல்லையாம். அனுப்பு கூலியும் காப்பீடும் சேர்ந்ததுதான் விலையாம். 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று தெரியாவிட்டால் சரக்கின் விலையில் 1.125 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. களிமண் இட்லிக்கு யாரும் காப்பீடு செய்ய மாட்டார்கள் என்றாலும், யாரோ செய்திருக்கலாம் என்ற நம்பிக்கையில் இப்படித் தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை யோசித்து வைத்திருக்கிற அரசாங்கத்தின் கீழ் வாழ்வது ஒரு பாதுகாப்புத்தான்.

அதே விதிகளில் இன்னொன்று என்னைத் தூங்கவிடவில்லை. வாங்குபவரும் விற்பவரும் உறவினராக இருந்தால், சொல்லும் விலையை அப்படியே நம்பக் கூடாது, உறவு விலையைப் பாதித்ததா என்று ஆராய வேண்டும் என்கிறது. ஐயா, அந்த ஸ்காட்லாந்துப் பெண் என்னை “அக்கா” என்றுதான் கூப்பிடுகிறாள். இந்த ஊரில் காய்கறிக்காரர், ஆட்டோக்காரர், வழிகேட்கும் வழிப்போக்கர் வரைக்கும் எனக்குத் தம்பி தங்கைகள்தான். இந்த விதியைத் தமிழ்நாட்டில் முழு மூச்சாக அமல்படுத்தினால் ஒரு கட்டுக் கீரையின் உண்மை விலையைக்கூடத் தங்களால் கண்டுபிடிக்க முடியாது.

நானே வியாபாரியாக மாறி, கோணி நிறைய வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் விசாரித்தேன். வியாபாரி கொண்டுவரும் போலி நகைக்கு 7117 என்று தனித் தலைப்பு. 2022 பட்ஜெட்டில் அதற்கு 20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 400 ரூபாய், எது அதிகமோ அது என்றீர்கள். விலையைக் குறைத்துக் காட்டி மூட்டை மூட்டையாக இறக்குகிறவர்களை மடக்கத்தான் கிலோக் கணக்கு. நியாயம். 2023-இல் அதை 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 600 ரூபாய் என்று உயர்த்தினீர்கள். ராஜ்கோட்டிலும் சிதம்பரத்திலும் கவரிங் செய்கிறவர்கள் பிழைக்க வேண்டும், அதுவும் நியாயம். போலி நகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். ஆக, என் தோடு வந்தபோது கோணிக்கு 25-உம் 3-உம். ஒரு ஜோடிக்கு 35-உம் 28-உம். கோணியில் வந்தால் வியாபாரம், உறையில் வந்தால் ஊதாரித்தனம் என்று தாங்கள் தீர்மானித்திருப்பதாகத் தெரிகிறது. என் இட்லியும் வடையும் சேர்ந்து எட்டு கிராம் இருக்கும். கிலோவுக்கு 600 என்றால் 4 ரூபாய் 80 காசு. ஆனால் “எது அதிகமோ அது” என்ற மூன்று சொல் அந்தச் சலுகையை முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

கவரிங் செய்கிறவர்கள் பெயரைச் சொன்னதால் ஒன்று. நான் அவர்களுக்கு எதிரி இல்லை. எங்கள் கோயில் வாசலில் நரிக்குறவர் சமூகத்துப் பெண்கள் உட்கார்ந்து பாசிமணி கோத்து விற்கிறார்கள். கையால் செய்த நகை என்றால் இந்த ஊரில் முதலில் அவர்கள்தான், பிறகுதான் நான். வெளிநாட்டுப் பக்தர்கள் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டே விமானம் ஏறுகிறார்கள். ஆனால் இட்லித் தோடு சிதம்பரத்திலும் கிடைக்காது, ராஜ்கோட்டிலும் கிடைக்காது. இட்லியைப் பிறந்ததிலிருந்து தின்கிற நமக்கு அதைக் காதில் மாட்டலாம் என்று தோன்றவே இல்லை. அதற்கு ஒரு ஸ்காட்லாந்துக்காரி வேண்டியிருந்தது. இந்த இறக்குமதியால் எந்த உள்நாட்டுத் தொழில் நசிந்தது என்று தெரிவித்தால், அந்தத் தொழிலதிபரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி, முக்கியமான ஐயம்.

அந்தப் பெண்ணே அடுத்த முறை வரும்போது தோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தால்? அப்போது நடப்பிலிருந்த 2016ஆம் ஆண்டு பயணப்பெட்டி விதிகள்படி வெளிநாட்டுப் பயணி 15,000 ரூபாய் வரை பொருள்களை வரியில்லாமல் கொண்டுவந்திருக்கலாம். அயல்நாடு போய்த் திரும்பும் நம்மவர் என்றால் 50,000 ரூபாய் வரை. ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வரும் பெண், ஒரு மதிப்பு வரம்புக்குள், 40 கிராம் தங்க நகைகூடக் கொண்டுவந்திருக்கலாம். ஆக, அதே தோடு மனுஷியோடு வந்தால் விருந்தாளி, தனியாக வந்தால் சந்தேகத்துக்குரிய நபர். தோட்டுக்கும் ஒரு விமான டிக்கெட் எடுத்திருந்தால் மலிவாக முடிந்திருக்குமோ என்று தோன்றுகிறது.

மனிதரோடு வந்தாலும் எப்போதும் தப்பிப்பதில்லை என்பதும் தெரியும். 2023 டிசம்பரில் இலங்கையிலிருந்து கோயில் பார்க்க வந்த புதுமணப் பெண்ணின் தாலிக்கொடி சென்னை விமான நிலையத்தில் கழுத்திலிருந்து வாங்கிக்கொள்ளப்பட்டது. திருப்பிக் கொடுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2025 ஆகிவிட்டது. தாலியையே கேள்வி கேட்ட இடத்தில் வடைக்கு என்ன பேச்சு என்று பக்கத்துக் கடை அண்ணன் கேட்கிறார். பதில் சொல்ல முடியவில்லை.

அன்பளிப்பாக அனுப்பச் சொல்லியிருக்கலாமே என்று இன்னொருவர் யோசனை சொன்னார். அங்கேதான் பார்வை 2. முன்பு ஒரு வரம்பு வரை அன்பளிப்பை வரியில்லாமல் விட்டுக்கொண்டிருந்தீர்கள். சீனத்து இணைய வணிகக் கம்பெனிகள் விற்ற சரக்கின் மேலெல்லாம் “அன்பளிப்பு” என்று ஒட்டி அனுப்பியதாகப் புகார் வந்தது. ஊர் ஊராக அத்தனை பேருக்கு அன்பு பொங்கியதைப் பார்த்துத் தங்களுக்குச் சந்தேகம் வந்ததில் தவறில்லை. அதற்குக் கண்ட மருந்துதான் அபாரம். 12-12-2019 முதல் அஞ்சலிலோ கூரியரிலோ அன்பளிப்பு என்ற பெயரில் வரியில்லாமல் எதுவும் வரக் கூடாது. முழு வரி கட்டினால் அன்பளிப்பு வரலாம். விதிவிலக்கு இரண்டே இரண்டு: உயிர்காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு.

ராக்கிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, ராக்கி தொடர்பான அன்பளிப்புகள் இதில் சேராது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதை எழுதியவருக்கு ஓர் அக்காவோ தங்கையோ இருந்திருக்க வேண்டும், அவரிடம் நிறையக் கடனும் இருந்திருக்க வேண்டும். கயிறு வரலாம், கயிற்றோடு இனிப்பு வரக் கூடாது. அந்தக் கயிறுகூட இலவசமாக வரவில்லை. சுங்கச் சட்டம் 25ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவுப்படி, வரி 100 ரூபாயோ அதற்குக் குறைவோ ஆனால் வசூலிக்க வேண்டாம் என்று இருக்கிறது; அந்த வாசலில்தான் ராக்கியும் குனிந்து நுழைகிறது. தங்கத்தில் ராக்கி செய்யும் அண்ணன் தங்கைகள் ஜாக்கிரதை. அந்த 100 ரூபாய் வாசல் பொதுவாசல்தான். ஆனால் என் தோடு வந்தபோது இருந்த மொத்த வரியான 77.28 சதவீதத்தில், கூலியும் காப்பீடும் சேர்த்து 129 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் அதில் நுழைந்திருக்க முடியாது. 129 ரூபாய்க்குள் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு தபால்தலைகூட வராது.

வடக்கே ராக்கிக்கு உள்ள இடம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. எங்களுக்கும் கயிறு உண்டு. சாமி கும்பிட்டுவிட்டுக் கையில் கட்டிக்கொண்டுதான் மலை சுற்றுகிறோம். ஆனால் தமிழ் வீட்டில் அக்கா தம்பி உறவு கயிற்றில் இல்லை, காதில் இருக்கிறது. பிள்ளைக்குக் காது குத்த வேண்டும் என்றால் தாய்மாமன் மடி வேண்டும், தாய்மாமன் கொண்டுவந்த தோடு வேண்டும். தாய்மாமன் இன்று லண்டனில் இருக்கிறான், டொராண்டோவில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் விலை ஏறிவிட்டது. தோட்டையாவது அனுப்புகிறேன் அக்கா என்கிறான். தங்கள் அறிவிக்கை அவனை நிறுத்தி, சகோதரி அண்ணனுக்குக் கயிறு அனுப்பினால் பாசம், நீ மருமகளுக்குத் தோடு அனுப்பினால் இறக்குமதி என்கிறது. சீர்வரிசைத் தட்டில் இன்வாய்ஸ் வைத்து அனுப்பும் முதல் தாய்மாமனை எங்கள் குலத்தில் உருவாக்கிய பெருமை தங்களையே சேரும்.

யோசித்துப் பார்த்தேன், இட்லித் தோட்டையே ஒரு கயிற்றில் கட்டி ராக்கி என்று அனுப்பச் சொன்னால்? அப்போது அது கயிறு கோத்த தோடா, தோடு கோத்த கயிறா? மணி கோப்பவள் என்ற முறையில் எனக்கே விடை தெரியவில்லை. இட்லி என்று எழுதினால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சான்று கேட்பீர்களோ என்ற பயமும் இருக்கிறது. ஆகவே அந்தத் திட்டத்தைக் கைவிட்டேன்.

தங்கள் துறையின் தொன்மையை அறியாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். காவிரிப்பூம்பட்டினத்தில் உல்கு என்ற சுங்கம் வாங்கும் அதிகாரிகள் ஓயாமல் உழைத்து, மூட்டைகளில் புலி முத்திரை குத்தியதைப் பட்டினப்பாலை பாடியிருக்கிறது. வள்ளுவர் உல்கை அரசனுக்குரிய பொருள்களில் ஒன்றாக எண்ணியிருக்கிறார். நம் ஊர்ச் சரக்கு ரோமாபுரிக்குப் போனபோது அங்கேயும் தங்கள் சகோதரர்கள் இருந்தார்கள். வியன்னாவில் இருக்கும் முசிறி பாப்பிரஸ் என்ற ஒப்பந்த ஓலை, முசிறியிலிருந்து ‘ஹெர்மப்போலோன்’ என்ற கப்பல் ஏற்றிப்போன சரக்கைப் பற்றிப் பேசுகிறது. ரோமானியர் அந்தச் சரக்குக்கு வாங்கிய வரி நாலில் ஒன்று, அதாவது 25 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடம் கழித்து 2023-இல் போலி நகைக்குத் தாங்கள் அதே எண்ணில் வந்து நின்றது தற்செயலாக இருக்க முடியாது. இந்தியா வருடத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசை உறிஞ்சிக்கொள்கிறதே என்று ரோமானிய அறிஞர் பிளினி புலம்பினார். அவர் புலம்பியது எங்கள் முத்துக்காகவும் மிளகுக்காகவும். தாங்கள் புலம்புவது என் பேத்தியின் வடைக்காகவா?

அதே வரலாற்றில்தான், 1070-இல் பட்டத்துக்கு வந்த முதல் குலோத்துங்கனுக்கு மக்கள் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் வைத்தார்கள். கங்கையும் கடாரமும் கொண்டவர்களின் வம்சத்தில் வந்தவன், வரியை விட்டதற்காகவும் ஊர் நினைவில் நின்றான். சுங்கம் விதித்த சோழன் என்று யாரையும் கூப்பிட்டதாகக் கல்வெட்டில் இல்லை. இதைத் தகவலுக்காக மட்டும் வைக்கிறேன்.

உலகத்தையும் குறை சொல்ல முடியாது. பிரிட்டன் 15 பவுண்டு வரை விட்டுக்கொண்டிருந்த இறக்குமதி வாட் வரியை 2021 ஜனவரியோடு நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான வாட் விலக்கை அதே வருடம் ஜூலையில் எடுத்தது. அமெரிக்கா 800 டாலர் விலக்கை 2025 ஆகஸ்ட் 29-உடன் முடித்தது. குழப்பத்தில் நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அந்த நாட்டுக்கான பெரும்பாலான பொதிகளை வாங்குவதையே நிறுத்தி, அக்டோபர் நடுவில்தான் மறுபடி ஆரம்பித்தது. அந்த இடைவெளியில் அமெரிக்க பக்தர்கள் கேட்ட ருத்ராட்ச மாலைகள் என் கடையிலேயே தொங்கின. இங்கே வருவதற்கும் வரி, அங்கே போவதற்கும் வழியில்லை. நடுவில் நான் மணி உருட்டிக்கொண்டிருந்தேன். வேறு வேலை இல்லாததால் ஜபம் நிறைய ஆயிற்று.

தாங்கள் இறங்கி வந்திருப்பதையும் மறைக்கவில்லை. 9804-இன் 35 சதவீதத்தை 2025 பட்ஜெட்டில் 20 ஆக்கினீர்கள். அந்த செப்டம்பரில் ஜிஎஸ்டி 28 போய் 18 வந்தது. 2026 பட்ஜெட்டில் 20-ஐ 10 ஆக்குவதாக அறிவிப்பும் வந்தது. என் பேத்தி 2024-இலேயே ஆசைப்பட்டுவிட்டாள். அது பொருளாதார அறிவு இல்லாத வயசு. ஆனால் வரி குறைந்தாலும் வரிசை குறையவில்லை ஐயா. கப்பல் சரக்குக்கு வைத்த அதே வாசலில், அதே ஆதார், அதே ரசீது, அதே மதிப்பீட்டோடு ஒரு ஜோடித் தோடும் நிற்க வேண்டியிருக்கிறது. எனக்காகத் தங்களிடம் வரியை முன்கூட்டிக் கட்டியதற்குக் கூரியர்க்காரருக்கு ஒரு கட்டணம், அந்தக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி. சின்னப் பொதியில் வரியைவிட வரி வாங்கும் கூலி பெரிதாக நிற்கிறது. இதில் தங்கள் கஜானாவுக்கு என்ன மிச்சம் என்பது தங்களுக்கே வெளிச்சம்.

ஆகவே வேண்டுவது இரண்டே. 25(6)-இல் இருக்கும் 100 ரூபாயை, இந்தக் காலத்து விலைவாசி தெரிந்த யாரையாவது விட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கையால் செய்த ஒரு பொருள், ஒருவருக்கு ஒன்று, வருடத்துக்கு ஒருமுறை உள்ளே வரும் அளவுக்கு அது உயர்ந்தால் போதும். கம்பெனிகள் ஏமாற்றும் என்று பயந்தால் ஆதார்தான் தங்களிடம் இருக்கிறதே, எண்ணிக்கொள்ளுங்கள். அடுத்து, 2019 அறிவிக்கையைத் திருத்தி, ராக்கி என்ற சொல்லுக்குப் பின் ஒரு காற்புள்ளி போட்டு, தாய்மாமன் அனுப்பும் காதணி என்று சேர்த்துவிடுங்கள். எங்கள் தரப்பில் அடைப்புக்குறி எதுவும் கேட்கவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு ஜோடி இட்லித் தோட்டின் இறக்குமதியாளர்,
திருவண்ணாமலை.